ஆள் கிடைக்கவில்லை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு திங்கட்கிழமை காலையில், தென்மாவட்டங்களில் ஒரு லட்சம் பேரிடம் அரசாங்கம் நலம் விசாரிக்கும். ஒருவருடைய அலைபேசியும் மணியடிக்காது. பேருந்தில் நிற்பவர் நின்றபடி இருப்பார். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிறவள் தடவிக்கொண்டிருப்பாள். கால் வீக்கம் உண்டா, மூச்சு வாங்குகிறதா, உறக்கம் எப்படி, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று இருபது கேள்விகள் போய் இருபது பதில்கள் வந்து சேர்ந்துவிடும். பாளையங்கோட்டை நலக்கணக்கெடுப்பு அலுவலகத்தில் சுடர்க்கொடி தேநீரை ஊதிக் குடித்து முடிப்பதற்குள் எல்லாம் ஓய்ந்திருக்கும்.

பதில் சொல்பவை பதிலிகள். ஒரு காலத்தில் திருட்டுக் குரல்களின் தொல்லை பொறுக்கமுடியாமல் மக்கள் அழைப்புகளை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பெற்ற மகன் அழுதுகொண்டு பணம் கேட்டால்கூட அது மகன்தானா என்று தெரியாத காலம் அது. அப்போது வந்தது பதிலி. ஆளுக்கு ஒன்றாக அலைபேசிக்குள் உட்கார்ந்து, வருடக்கணக்கில் அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அவர் குரலில், அவர் சொல்வதுபோலவே பேசப் பழகிக்கொள்ளும். மின்வாரியம், வங்கி, பள்ளிக்கூடம், சம்பந்தி வீடு எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பதிலியின் சொல் உரியவரின் சொல் என்று சட்டமும் வந்துவிட்டது. சுடர்க்கொடியின் கணவன் கோயம்புத்தூரில் வேலை பார்த்தான். அவர்கள் இருவரின் பதிலிகளும் தினமும் இரவில் பேசிக்கொண்டன. மிகவும் அன்பாகப் பேசிக்கொள்வதாகக் கேள்வி.

கணக்கெடுப்பின் முடிவை வைத்துத்தான் உலாமனைகள் நகரும். சக்கரம் வைத்த மருத்துவமனைகள் அவை. எந்த ஊரில் நோய் அதிகமென்று கணக்கு சொல்கிறதோ அங்கே போய் நிற்கும். கணக்கில் நோய் இல்லாத ஊரிலிருந்து கிளம்பிவிடும். யாரிடம் கேட்பது, எந்த வழியில் கேட்பது என்று தீர்மானித்து ஒப்பமிடும் மாதிரிப் பொறுப்பாளர் சுடர்க்கொடி. அந்த ஒப்பத்தை மட்டும் எந்தப் பதிலியும் போடமுடியாது.

அலுவலகத்தின் பின்கட்டில் இன்னொரு கூடம் இருந்தது. அங்கே நான்கு பெண்கள் உட்கார்ந்து கம்பிப்பேசியில் மனிதர்களோடு பேசினார்கள். கடலோரத்தில் ஏவுதளம் வந்தபோது அதைச் சுற்றியுள்ள ஊர்களில் அலைபேசி தடைசெய்யப்பட்டது. அமைதிப்பட்டை என்று அதற்குப் பெயர். பட்டைக்குள் தெருவுக்கு ஒரு கம்பிப்பேசிதான். மணி அடிக்கும், யாராவது ஓடிவந்து எடுப்பார்கள். இயந்திரம் ஒரு லட்சம் பேரை முடித்த பிறகும் இந்த நான்கு பேரும் ஒரு வாரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்தமுறை அந்த வாரம் முடிந்த மறுநாள், இணை இயக்குநர் திருமேனி அவள் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. யாருடைய விடுப்பையும் மறுத்ததில்லை.

“சாயங்காலத்துக்குள்ள ஒப்பம் போட்டுரணும் சுடர். இனிமே அலைபேசி மட்டும் போதும்னு மேல முடிவாயிட்டு. கம்பிய விட்டுரலாம்.”

“அப்போ பட்டைக்குள்ள இருக்கவங்க சார்?”

“பக்கத்து ஊர்க்காரங்க சொன்னத வச்சு நிரப்பிக்கிடலாம். அதே வயசு, அதே தொழில். அதுக்குக் கணக்குல வழி இருக்குல்லா?”

“இருக்கு. ஆனா அந்தப் பதில் சேரமாட்டேங்குது. பட்டைக்குள்ள உப்பளத்து ஆளுங்கள்ல பத்துக்கு நாலு பேரு காலு வீங்குதுங்காங்க. வெளிய உப்பளத்து ஆளுங்க பதிலியெல்லாம் சொகமா இருக்கோம்னு சொல்லுது. அதே உப்பு, அதே வெயிலு. நானும் வயசு, ஆணு பொண்ணு எல்லாத்தையும் சமப்படுத்தி எடை போட்டுப் பாத்துட்டேன். வித்தியாசம் அசையல.”

“அதத்தான் நானும் சொல்லுதேன். கம்பி மிகைப்படுத்துது. பகல்ல வீட்டுல யாரு கெடப்பா? சொகமில்லாதவன்தான். நீங்க கூப்பிட்டா அவன்தான எடுப்பான்?”

“அதுக்குத்தான் பொறந்தநாள் விதி வச்சிருக்கோம் சார்.”

அலைபேசி ஒரு ஆளுடையது. கம்பிப்பேசி ஒரு கூட்டத்துடையது. எடுத்தவரிடமே கேட்டால் எடுக்கக் கூடியவர்களின் கதை மட்டுமே கிடைக்கும். அதனால் கடைசியாகப் பிறந்தநாள் வந்தது யாருக்கு என்று கேட்டு, அவரை அழைத்துவரச் சொல்லி அவரிடம்தான் பேசவேண்டும். யாரும் ஏற்பாடு செய்யமுடியாத ஒரு குலுக்கல் அது. சுடர்க்கொடி அந்த விதியின்மேல் நம்பிக்கை வைத்திருந்தாள்.

“கம்பிய விட்டா பட்டைக்குள்ள கீழத்தேரியில நிக்குற உலாமனை கெளம்பிரும்,” என்றாள்.

“மதுரைக்குப் போகும். அங்க சின்ன வயசுப் பதிலியெல்லாம் உறக்கமில்ல, மனசு சரியில்லன்னு கொட்டித் தீக்குது. கேக்குறவனுக்குத்தான குடுக்கமுடியும்?” அவர் எழுந்தார். “நாலு மணிக்கு வாரேன்மா.”

அவர் போனபின் அவள் பின்கட்டுக்குப் போனாள். கூடத்தில் ஃபர்ஹானா மட்டும் இருந்தாள்.

“கீழத்தேரிக்கு ஒரு அழைப்பு போடணும். நானே பேசுறேன்.”

“நீங்களா? பாத்துக்கா, அந்தம்மா வாயி வாய்க்காலு,” என்று ஃபர்ஹானா எண்ணைச் சுழற்றிக் கொடுத்துவிட்டு, ஒட்டுக்கேட்க வசதியாக ஒலியையும் கூட்டிவைத்தாள்.

நெடுநேரம் மணியடித்தது. பிறகு மூச்சிரைக்க ஒரு குரல்.

“யாரு?”

“நலக்கணக்கெடுப்புலருந்து பேசுறேன்க்கா. என் பேரு சுடர்க்கொடி.”

“எப்பவும் பானுல்லா பேசுவா? அவளுக்கு என்ன, கல்யாணமா?”

கீழத்தேரிக்காரர்கள் வாயில் பானு ஆகிவிட்டிருந்த ஃபர்ஹானா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இல்லக்கா, பக்கத்துலதான் இருக்கா.”

“அப்பச் சரி. நான் பனிமயம். எழுதிக்கோ. காலு வீக்கம் உண்டு, மூச்சு வாங்கும், ஒன்னுக்குச் சரியாப் போகாது. நீ இருபது தடவ வாயத் தொறக்க வேண்டாம், நானே சொல்லிருதேன்.”

“அதுக்கு முன்னால ஒன்னு கேக்கணும். உங்க தெருவுல கடைசியாப் பொறந்தநாளு வந்தது யாருக்குக்கா?”

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. பனிமயம் யாரையோ கூப்பிட்டு, “ஏளா, இவளும் அதே கேள்வியக் கேக்கா!” என்றாள். பிறகு பேசிக்குள் வந்து, “எல்லாத்துக்கும்தான். ஆகஸ்டு அஞ்சு.”

“எல்லாருக்குமா?”

“நெலத்த எடுத்துட்டு எங்கள இங்க கொண்டாந்து போட்டான்ல, அப்ப அட்டை எழுத ஒரு பய வந்தான். அன்னைக்கு மாதா கோயில் திருநாளு. ஒவ்வொருத்தியா எப்பப் பொறந்தன்னு கேட்டா சப்பரம் போயிரும்னு அவனுக்கு அவசரம். அன்னையத் தேதியவே அத்தன பேருக்கும் போட்டுட்டு சப்பரம் பாக்கப் போயிட்டான். நல்லவேள, ஆட்டுக்கு அட்டை கேக்கல.”

சுடர்க்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்போ யாரு பேசுறதுன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?”

“இது என்ன கேள்வி? யாருக்கு ரொம்ப முடியலியோ அவளுக்குத்தான் பொறந்தநாளுன்னு பானுகிட்ட சொல்லி, கூட்டியாந்து உக்கார வப்போம். சொகமா இருக்கவகிட்ட சொகம் கேட்டு என்னளா ஆவப்போவுது?”

சுடர்க்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். திருமேனி சொன்னது சரி. கம்பி நோயாளிகளை மட்டும் பொறுக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. குலுக்கல் என்று அவள் நம்பியது குலுக்கலே இல்லை. அந்தத் தெருக்காரர்கள் ஏமாற்றவும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த நியாயத்தைச் செய்திருக்கிறார்கள்.

“அப்படிச் செஞ்சா கணக்கு தப்பாயிரும்க்கா,” என்றாள் மெதுவாக.

“எது தப்பு? என் காலா?”

சுடர்க்கொடி பேசியை மறுகாதுக்கு மாற்றினாள்.

“உலாமனைய எடுக்கப்போறாகளோ?” பனிமயத்தின் குரல் இறங்கவில்லை. பேருந்து நேரம் விசாரிப்பதுபோல் கேட்டாள். “வாரத்துல மூணு நாளு அதுலதான் எனக்கு ரத்தம் சுத்தம் பண்ணுதாவ. அது போச்சுன்னா நானும் போயிருவேன். அது ஒனக்குத் தெரியணும்லா, அதுக்காவச் சொல்லுதேன்.” பிறகு, பேச்சை மாற்றுகிறவள்போல, “சரி, ஒனக்கு எப்படி? காலுகீலு வீங்குமா?”

“எனக்கென்னக்கா, நல்லாத்தான் இருக்கேன்.”

“யாத்தே, என்ன வேகம்! குனிஞ்சு பாத்தியா முதல்ல?” என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிடவும் பனிமயம் பேசியை வைத்துவிட்டாள்.

சுடர்க்கொடி குனிந்து பார்த்தாள்.

செருப்பின் வார் இரண்டு பாதங்களிலும் பள்ளம் பறித்திருந்தது. விரலால் அழுத்தியதும் குழி விழுந்து, நிதானமாக, மனமில்லாததுபோல மேலெழுந்தது. சித்திரையில் ஒரு எண் கூட்டிச் செருப்பு வாங்கினாள். ஆடியில் இன்னொரு எண். கடைக்காரனிடம் தளர்வாக இருந்தால் வசதி என்று சொன்னது நினைவிருந்தது. தன்னிடம் என்ன சொல்லிக்கொண்டாள் என்பது நினைவில் இல்லை. எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை போலும்.

எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். அந்த வாக்கியம் யோசித்து வந்ததல்ல. தும்மல் வருவதுபோல் வந்தது. வயதுக்கு வந்த நாளில் வயிற்றுவலியோடு விருந்தாளிகளுக்குக் காப்பி கொடுத்தபோது வந்தது. கரு கலைந்த மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தபோது வந்தது. கணவன் எப்போதாவது நேரில் கேட்கும்போது, அவன் பதிலை எதிர்பார்த்து நிற்கவில்லை என்று தெரிந்ததால் வந்தது. சொல்லிச் சொல்லி அது நாக்கில் தழும்பாகிவிட்டது.

கைப்பையிலிருந்து அலைபேசியை எடுத்து, கணக்கெடுப்பு இயந்திரம் கேட்பதுபோலவே தன் பதிலியிடம் கேட்டாள்.

“உங்களுக்குக் கால் வீக்கம் உண்டா?”

அவளுடைய குரல், அவளைவிடக் கொஞ்சம் இனிமையாக, “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்றது.

“மூச்சு வாங்குகிறதா?”

“படி ஏறுனா எல்லாருக்கும் வாங்கத்தானே செய்யும்?” சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பும் அவளுடையதுதான்.

ஃபர்ஹானா வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, போன வாரம் மாடிப்படில பாதியில உக்காந்துட்டீங்க. நாந்தான தண்ணி குடுத்தேன்?”

“உன்னோடதக் கேளு.”

“எனக்கு என்ன நோவு?”

“மாசாமாசம் ரெண்டு நாளு சுருண்டு கெடப்பியே.”

ஃபர்ஹானா தயங்கித் தயங்கித் தன் பதிலியிடம் கேட்டாள். “அதெல்லாம் பொம்பளைக்கு இருக்கதுதானே,” என்றது அது. அவள் முகம் சிவந்தது. “எங்க உம்மா சொல்றத அப்படியே சொல்லுது பாருங்க, சைத்தான்!” தேநீர் குடிக்கப் போயிருந்த மற்ற மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். அவர்களும் கேட்டார்கள். ஒருத்தியின் ரத்தக்கொதிப்பு “சின்ன அசதி” ஆகியிருந்தது. இன்னொருத்தியின் மார்புக்கட்டி, பதிலியின் கணக்கில், வந்ததே இல்லை. கூடத்தில் முதலில் சிரிப்பாக இருந்தது. மூன்றாவது பதிலியோடு சிரிப்பு நின்றுபோனது.

பதிலிகள் பொய் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொன்னன. அந்த ஒரு லட்சம் பேரில் உப்பள வெயிலில் நிற்கிறவர்கள் எத்தனை பேர், பிள்ளைக்குத் தெரியவேண்டாம் என்று மாத்திரையை மறைத்து விழுங்குகிற தகப்பன்மார் எத்தனை பேர், கேட்டால் வேலை போய்விடும் என்று இருமலை அடக்குகிறவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எல்லோரும் வாழ்நாள் முழுக்கச் சொன்ன மரியாதையான பதிலை இயந்திரம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டியிருந்தது. அதற்குத்தான் அவள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பமிட்டுக்கொண்டிருந்தாள்.

தன் மேசைக்குத் திரும்பினாள். கம்பியும் கோணல், அலையும் கோணல். ஆனால் இரண்டும் ஒரே கோணல் இல்லை. கம்பி சில பேரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டது. அலை ஒருவரையுமே கேட்கவில்லை. எதை வைத்துக்கொள்வது என்று திருமேனி கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்குள்ளேயே நின்று பதில் தேடினால் கீழத்தேரியும் போகும், மற்ற ஊர்களும் போகும்.

ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு முடிவு குறிக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். ஆள் பேசினார். ஆள் மறுத்தார். ஆள் கிடைக்கவில்லை. பதிலி பேசினால் ‘ஆள் பேசினார்’ என்று இயந்திரமே குறித்துவிடும். அதை மாற்றும் உரிமை மாதிரிப் பொறுப்பாளருக்கு உண்டு. இதுவரை யாரும் மாற்றியதில்லை. மாற்றவேண்டுமென்று யாருக்கும் தோன்றியதில்லை. பாதிக்குமேல் ஆள் கிடைக்காத கணக்கெடுப்பு செல்லாது. அது செல்லாதவரை ஒரு உலாமனையும் இடம் மாறக்கூடாது. கிடைக்காதவர்களை நேரடியாக மறுபடி அழைக்கும் மறுதொடர்பு அன்றைக்கே தொடங்கவேண்டும்.

அவள் அலைபேசி மாதிரி முழுவதையும் தெரிவுசெய்தாள். ஒரு லட்சம் பேர். தானும் அதில் இருக்கிறோமா என்று பார்க்கவில்லை. ‘ஆள் கிடைக்கவில்லை’ என்று குறித்து, காரணம் என்ற இடத்தில், ‘பேசியது பதிலி’ என்று எழுதினாள். கீழே, கம்பிப்பேசித் தேர்விலும் பிழை இருக்கிறது, பிறந்தநாள் விதி அங்கே செல்லாது, தெருவில் சீட்டுக் குலுக்கி ஆளெடுத்து மறுபடி கேட்கவேண்டும், இதுவரை கவனிக்காதது என் தவறு என்று சேர்த்தாள். ஒப்பமிட்டாள். பயமாக இருந்தது. ஆனால் வெகுநாளைக்குப் பிறகு அந்தப் பயம் அவளுடையதாகவே இருந்தது.

திருமேனி நாலு மணிவரை காத்திருக்கவில்லை. மூன்றேகாலுக்கே வந்துவிட்டார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

“என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க? ஒரு லட்சம் பேரயும் காணோம்னு எழுதியிருக்கீங்க!”

“காணோம்னு எழுதல சார். நம்மகிட்ட பேசலன்னு எழுதியிருக்கேன்.”

“பதிலியின் சொல் உரியவரின் சொல். சட்டம் தெரியும்லா?”

“கடன் வாங்க, வரி கட்ட அது சரி. காலு வீங்குதான்னு கேட்டா அது எப்படி சார் குனிஞ்சு பாக்கும்?”

“கம்பி ஒழுங்கா? அதுவும் தப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.”

“ஆமா. நீங்க சொன்னதுதான் சரி. அதையும் மறைக்கல.”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அவளுக்காகக் கவலைப்பட்டார் என்பது தெரிந்தது. குரலைத் தாழ்த்தினார்.

“இருபது வருஷ வேல சுடர். மேல கேக்காங்க. மாத்திரலாம், இன்னும் நேரம் இருக்கு. உடம்பு சரியில்ல, கைதவறித் தப்பா அழுத்திட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்.”

வாசலில் நால்வரும் நின்றிருந்தார்கள். சுடர்க்கொடி எழுந்து நின்றாள். எழுந்ததில் பாதம் வலித்தது. அந்த வலியைப் பல்லைக் கடித்து விழுங்காமல் முகத்தில் இருக்கவிட்டாள்.

“உடம்பு சரியில்லதான் சார். ஆனா கைதவறி அழுத்தல.”

திருமேனி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவள் கால்களைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் வெளியே போனார்.

அரைமணி நேரத்தில் அவளைப் பணியிலிருந்து விலக்கி ஆணை வந்தது. ஆனால் ஒப்பமிட்ட பொறுப்பாளர் குறித்ததை, மறுதொடர்பு முடியும்முன் யாராலும் அழிக்கமுடியாது. அவளை அனுப்பலாம், அவள் எழுதியதை அனுப்பமுடியாது. கீழத்தேரி உலாமனை கிளம்பவில்லை. மதுரைக்கு என்று குறித்த பயண ஆணை அப்படியே நின்றது.

அவள் தன் சாமான்களைப் பையில் எடுத்துவைக்கும்போது பின்கட்டில் மறுதொடர்பு தொடங்கிவிட்டது. சாவுச் செய்திக்கும் புயல் எச்சரிக்கைக்கும் மறுதொடர்புக்கும் மட்டும் பதிலியைத் தாண்டி மணியடிக்க அனுமதி உண்டு. ஃபர்ஹானா முதல் எண்ணைச் சுழற்றிவிட்டு அவளைக் கூப்பிட்டாள். “போயிராதீங்கக்கா. பக்கத்துல இருங்க.”

சுடர்க்கொடி பையோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கோ ஒரு வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கப்பட்டதும் ஒரு பெண்ணின் அலறல்தான் முதலில் வந்தது.

“யாரு? யாரு செத்துட்டா?”

ஃபர்ஹானா திகைத்துப்போனாள். பிறகுதான் இருவருக்கும் புரிந்தது. பதிலியைத் தாண்டி மணியடிக்க, புயல் இல்லாத நாளில், சாவைத் தவிர வேறு காரணமே மிச்சமில்லை.

“யாரும் சாகலக்கா,” என்றாள் ஃபர்ஹானா அவசரமாக. “நலக்கணக்கெடுப்பு. நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டோம்.”

“என்னையா?”

“உங்களத்தான்.”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்,” என்றது குரல்.

ஃபர்ஹானா அடுத்த கேள்விக்குப் போக வாயெடுத்தாள். சுடர்க்கொடி அவள் கையைப் பிடித்து, பொறு என்று சைகை காட்டினாள். கம்பியில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். ஒரு நாற்காலி இழுபட்டது.

“ஏம்மா,” என்றாள் அந்தப் பெண், இப்போது வேறு குரலில். “கேட்டுட்டு வச்சிருவியா, இல்ல கொஞ்ச நேரம் இருப்பியா?”